நிதிக் கணித இளநிலைப் பட்டம்: படித்து முடித்து 9 ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்புரை

நான் பெற்ற இளநிலைப் பட்டத்தின் பெயரில் நிதி, கணிதம், கணினி ஆகிய மூன்று சொற்களும் இருந்தன. சேர்க்கைக் கையேட்டைப் புரட்டியபோது என்னை ஈர்த்ததும் அந்தப் பெயர்தான். கணிதத்தையும் நிரலையும் கொண்டு சந்தையில் விலை கணிக்கும், வணிகம் செய்யும், இடரை அளக்கும் குவாண்ட் ஆக வேண்டும் என்று நினைக்கும் ஒருவருக்கு இந்த மூன்றையும் ஒரே பட்டத்தில் தருகிறோம் என்று சொன்னால் வேறு எங்கே போகத் தோன்றும்? நான்கு ஆண்டுகள் படித்தேன். அதற்குப் பிறகு இடையில் ஓராண்டு வேறு பாடங்கள் படிக்க நேர்ந்தது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். இப்போது விலைக் கணிப்பு மாதிரிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாகப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் குழுவிலும் உட்காருகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துவிட்டதால், இந்தப் பட்டத்தை ஒரு பொருளாகக் கருதி, பாடம் பாடமாக எடைபோட்டுப் பார்க்க இது சரியான காலம் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற பட்டங்கள் பல இடங்களில் இருப்பதால் பெயரைச் சொல்லிப் பெரிய பயனும் இல்லை.

என் மதிப்பெண் 5-க்கு 3. படிப்பு மோசமானது அல்ல. அடுக்கிய வரிசை மோசமானது. இளநிலைப் பட்டம் ஒன்றால்தான் தரமுடியும் என்று சொல்லத்தக்க பொருள், அவசரமின்றி அடிப்படைக் கணிதத்தில் ஊறிக்கிடக்கக் கிடைக்கும் காலம். எங்கள் பட்டம் அந்தக் காலத்தை எடுத்து, வேலையில் சேர்ந்த ஆறு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய நிதிப் பாடங்களுக்குக் கொடுத்துவிட்டது.

முதலில் வேலையைப் பற்றி ஒரு சொல். குவாண்ட் என்பது ஒரே வேலை அல்ல. நொடிக்கு நொடி விலை சொல்லி வாங்கி விற்கும் டிரேடர் இருக்கிறார். தரவில் ஒழுங்கு தேடும் ஆய்வாளர் இருக்கிறார். இவர்களுக்கு வேகமான நிரல் எழுதித் தருபவர் இருக்கிறார். என்னைப் போல் மாதிரியில் எங்கே ஓட்டை என்று தேடுபவரும் இருக்கிறார். டிரேடர், நிரலாளர் பணிகளுக்கு இளநிலைப் பட்டத்தோடு நேராக எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆய்வாளர் பணிக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ கேட்கிறார்கள். ஆகவே இளநிலைப் பட்டம் சிலருக்கு வீடு, சிலருக்கு வாசல்படி. இந்த வேறுபாட்டை எங்கள் கையேடு எங்கேயும் சொல்லவில்லை. பட்டம் பெற்றோர் சேர்ந்த வேலைகள் என்று அது காட்டிய பட்டியலில் நிதித் துறையின் எல்லா வேலைகளும் ஒரே கூடையில் கிடந்தன; எங்கள் வகுப்பில் குவாண்ட் என்று சொல்லத்தக்க வேலைக்குப் போனவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

முதலாண்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நுண்கணிதம் இரண்டு பருவம், நேரியல் இயற்கணிதம் ஒரு பருவம். இரண்டும் கணிதத் துறை ஆசிரியர்களால், கணித மாணவர்களோடு சேர்த்து உட்காரவைத்து நடத்தப்பட்டன. நேரியல் இயற்கணிதம் பின்னாளில் எவ்வளவு தூரம் கூடவே வரும் என்று அப்போது தெரியவில்லை. ஓர் எடுத்துக்காட்டு: 500 பங்குகள் கொண்ட தொகுப்பின் இடரை அளக்க எந்தப் பங்கு எதனோடு எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று காட்டும் உடன்மாறுபாட்டு அணி ஒன்று வேண்டும். அதில் தனித்தனியாக மதிப்பிடவேண்டிய எண்கள் 1,25,250. கையில் இருப்பதோ ஓராண்டுத் தரவு, ஏறத்தாழ 250 வணிக நாள்கள். சராசரியைக் கழித்துவிட்டுக் கட்டும் அந்த அணியின் தரம் (ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) 249-ஐத் தாண்டாது. ஆகவே அதற்கு நேர்மாறு கிடையாது. நேர்மாறு இல்லாத அணியைக் கொடுத்து ‘மிகச் சிறந்த முதலீட்டுக் கலவை எது’ என்று கணினியிடம் கேட்டால், இடரே இல்லாத கலவை ஒன்றை அது கூசாமல் எடுத்து நீட்டும். காகிதத்தில் மட்டும் இடர் இல்லாத கலவை அது. ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் எழுதிய முதலீட்டுக் கலவைக் கோட்பாட்டை எங்களுக்கு மூன்று வெவ்வேறு நிதிப் பாடங்களில் மூன்று முறை நடத்தினார்கள். மூன்று முறையும் பங்குகள் இரண்டுதான். இரண்டு பங்குகளில் இந்தச் சிக்கல் தலையே காட்டாது. முதலாண்டு நேரியல் இயற்கணிதத்தை ஒழுங்காகப் படித்தவர் மட்டும், தரம், ஐகன் மதிப்பு என்ற சொற்களை நினைவில் வைத்திருந்து, வேலையில் சேர்ந்த பிறகு தானாகக் கண்டுபிடித்துக்கொள்வார்.

இரண்டாமாண்டில்தான் வண்டி தடம் புரண்டது. நிகழ்தகவுக்கு ஒரே ஒரு பருவம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதிலும் பாதி, பள்ளியில் படித்த சீட்டுக்கட்டு, பகடைக் கணக்குகள். அடுத்த பருவமே ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ், அதாவது தற்செயலாக மாறுபவற்றுக்கான நுண்கணிதம். பட்டத்தின் மகுடம் என்று கையேடு பெருமைப்பட்டுக்கொண்ட பாடம் அது. 1973-இல் பிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் வெளியிட்ட ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலைச் சூத்திரத்தை இரண்டாமாண்டிலேயே மாணவர்கள் வருவித்துவிடுவார்கள் என்பதுதான் அந்தப் பெருமை. வருவிக்கத்தான் செய்தோம். அதற்குத் தேவையான ஒரு படி, பிரௌனிய இயக்கத்தின், அதாவது நொடிக்கு நொடி தற்செயலாக அலையும் ஒன்றின், மிகச் சிறிய மாற்றத்தை வர்க்கப்படுத்தினால் அது காலத்தின் மிகச் சிறிய மாற்றத்துக்குச் சமம் என்பது. ஆசிரியர் அதைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, சுற்றிலும் ஒரு பெட்டி போட்டு, ‘இதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, “சார், தற்செயலாக மாறும் ஒன்றின் வர்க்கம் எப்படித் தற்செயல் இல்லாத ஒன்றுக்குச் சமமாகும்?” என்று கேட்டாள். “முதுநிலையில் பார்ப்பீர்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போனார்.

கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவள் கேட்டாள். விடைக்கு முதுநிலை வரை போகவும் வேண்டியதில்லை. ஓர் ஆண்டை 100 சம துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஏற்படும் மாற்றம் சராசரி பூச்சியமும் பரவற்படி 100-இல் ஒரு பங்கும் கொண்ட இயல்நிலைச் சமவாய்ப்பு மாறி. 100 மாற்றங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் சராசரியாக 1 வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 0.14. இப்போது அதே ஆண்டை 10,000 துண்டுகளாக வெட்டினால் சராசரி அதே 1, திட்ட விலக்கமோ 0.014. வெட்ட வெட்டத் தற்செயல் கரைந்து, 1 மட்டும் மிஞ்சுகிறது. மாற்றங்களை வெறுமனே கூட்டினால் கரையாத தற்செயல், வர்க்கங்களைக் கூட்டும்போது கரைந்துவிடுகிறது என்பதுதான் அந்தப் பெட்டிக்குள் இருந்த செய்தி. பத்து வரி நிரலில் மாணவரே செய்து பார்த்திருக்கலாம். செய்து பார்த்தவருக்கு அது ஆயுளுக்கும் மறக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில்தான் செய்து பார்த்தேன். கியோஷி இட்டோ 1940-களில் கட்டிய கணிதம் முழுவதும் அந்த ஒரு கவனிப்பின் மேல் எவ்வளவு இயல்பாக நிற்கிறது என்று அன்று புரிந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு எனக்குத் தராமல் விட்டவற்றில் முதலாவதாக இதைத்தான் வைப்பேன்.

வரலாற்றைப் பார்த்தாலும் வரிசை தெளிவாகவே இருக்கிறது. லூயி பாஷெலியே 1900-இல் பாரிசில் தம் ஆய்வேட்டில் விலைகளின் அலைவைக் கணிதமாக்கினார். கொல்மோகரவ் 1933-இல் நிகழ்தகவுக்கு அடித்தளம் இட்டார். அதன் பிறகு இட்டோ. அதன் பிறகுதான் 1973-இன் ஆப்ஷன் சூத்திரம். அத்தனை பெரிய மூளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய நாலு மாடியில் முதல் மூன்றையும் தவிர்த்துவிட்டு மொட்டைமாடியில் கொண்டுபோய் இறக்கிவிடுவதை வேகமான பாடத்திட்டம் என்று விற்கிறார்கள். நிதிப் பக்கத்திலேயே இதற்கு மாற்று வழி இருக்கிறது. காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் 1979-இல் தந்த ஈருறுப்பு மாதிரியில் விலை ஒவ்வொரு படியிலும் ஏறும் அல்லது இறங்கும், அவ்வளவே. கூட்டல் பெருக்கலோடு, ஆப்ஷனுக்கு ஏன் ஒரே ஒரு நியாயமான விலை இருக்கமுடியும் என்பதை அதில் காட்டிவிடலாம். எங்களுக்கு அது ஒன்றரை வகுப்பில் முடிந்துபோனது.

இந்த ஓட்டத்தின் விளைவு என் முதல் நேர்காணலில் தெரிந்தது. பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் அளவுக்குத் தயாராகப் போயிருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எதிரில் இருந்தவர் ஒரு நாணயத்தை எடுத்து மேசைமேல் வைத்து, “பூவா தலையா போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்து இரண்டு தலை விழும்வரை சராசரியாக எத்தனை முறை சுண்டவேண்டும்? தலை விழுந்து அடுத்ததாகப் பூ விழும்வரை என்றால் எத்தனை?” என்று கேட்டார். இரண்டுக்கும் நிகழ்தகவு நான்கில் ஒன்று, ஆகவே விடையும் ஒன்றேதான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். பத்து நிமிடம் போராடியும் எனக்கு வரவில்லை.

விடை, முதலாவதுக்கு 6, இரண்டாவதுக்கு 4. தலைக்குப் பிறகு பூ வேண்டுமென்று காத்திருப்பவருக்கு மறுபடியும் தலை விழுந்தால் நட்டமில்லை. கையில் ஒரு தலை இருந்துகொண்டே இருக்கிறது. இரண்டு தலைக்காகக் காத்திருப்பவருக்கு நடுவில் பூ விழுந்தால் பரமபத ஆட்டத்தில் பாம்பு கடித்தாற்போல முதல் கட்டத்துக்குத் திரும்பவேண்டும். நிபந்தனை எதிர்பார்ப்பு (இதுவரை விழுந்ததை வைத்து இனி வருவதன் சராசரியைக் கணிப்பது) என்ற ஒரே கருத்தைக் கொண்டு மூன்று வரியில் எழுதிவிடலாம். ஒரு முழு ஆண்டு நிகழ்தகவு படித்த புள்ளியியல் மாணவருக்கு இது வீட்டுப்பாடக் கணக்கு. இன்று அதே மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்க்கும்போது, நிதிக் கணிதப் பட்டத்தோடு வருபவர்கள் இடறும் இடம் பெரும்பாலும் இதுதான் என்று காண்கிறேன். அவர்களிடம் சொற்கள் நிறைய இருக்கின்றன. ‘மார்ட்டிங்கேல்’ (சராசரியில் ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் நியாயமான ஆட்டம்) என்கிறார்கள், ‘இடர்நடுநிலை அளவை’ என்கிறார்கள். அந்த மார்ட்டிங்கேலைக் கொண்டு இந்த நாணயக் கணக்கைப் போட்டுக்காட்டுங்கள் என்றால் அமைதியாகிவிடுகிறார்கள்.

புள்ளியியல் பாடம் பற்றி இரண்டு மனம் எனக்கு. கருதுகோள் சோதனை, தொடர்புப் போக்கு, காலத்தொடர் ஆகியவை முறையாகவே நடத்தப்பட்டன. ராபர்ட் எங்கிள் 1982-இல் முன்வைத்த, மாறிக்கொண்டே இருக்கும் ஏற்ற இறக்கத்தை அளக்கும் மாதிரியை உண்மையான தரவில் பொருத்திப் பார்த்தோம். ஆனால் இந்தத் தொழிலில் புள்ளியியலின் பெரும்பகுதி, ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதுதான். அந்தப் பகுதி பாடத்தில் இல்லை. 200 வணிக உத்திகளைச் சோதிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றிலும் சரக்கு கிடையாது, எல்லாம் வெறும் தற்செயல். 5 விழுக்காடு மிகைகாண் நிலையில், அதாவது சரக்கில்லாத ஒன்று தற்செயலாகத் தேர்ச்சிபெற 100-இல் 5 வாய்ப்பு விட்டு, சோதித்தால் அவற்றில் சுமார் 10 உத்திகள் ‘தேர்ச்சி’ பெற்று நிற்கும். எங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஒவ்வொரு குழுவும் பல உத்திகளைப் போட்டுப் பார்த்து, மிக அழகான வரைபடம் தந்த ஒன்றை மட்டும் அறிக்கையில் சேர்த்தது. எங்கள் குழுவும் அதையேதான் செய்தது. எத்தனை உத்திகளைக் குப்பையில் போட்டீர்கள் என்று மதிப்பீட்டாளர் ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு உயர்ந்த மதிப்பெண்ணே கிடைத்தது. அதை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நிரலாக்கம் பற்றிச் சொல்லவேண்டியது சுருக்கம், கசப்பு. எக்ஸெல் ஒரு பருவம், பைத்தான் ஒரு பருவம். பட்டத்தின் பெயரில் கணினி இருந்ததற்கு அவ்வளவுதான் ஆதாரம். தரவுக் கட்டமைப்பு, வழிமுறைகளின் சிக்கலளவு, இயங்குதளம், எழுதிய நிரலைச் சோதிக்கும் முறை ஒன்றும் கிடையாது. வேகமான நிரல்களுக்குப் பயன்படும் சி பிளஸ் பிளஸ் மொழி விருப்பப் பாடமாக இருந்தது. அது நடக்கும் நேரத்தில்தான் கட்டாயக் கணக்குப்பதிவியல் வகுப்பும் நடந்தது. இவை எல்லாம் கணினித் துறையின் கவலை, நமக்கெதற்கு என்று நினைப்பவர் நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நேர்ந்ததை அறிந்துகொள்ளவேண்டும். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்றவேண்டியிருந்தது, ஏழில்தான் ஏறியது. விடுபட்ட ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் துண்டு உயிர்பெற்று, நிற்காமல் வாங்கி விற்கத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. அங்கே எந்தச் சூத்திரமும் பிழையாகவில்லை. இட்டோவும் பிளாக்கும் சேர்ந்து வந்திருந்தாலும் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது. நிரலை ஏற்றுவதில் ஒழுங்கு கற்ற ஒரு பொறியாளர் காப்பாற்றியிருப்பார்.

நிதிப் பாடங்களுக்கு வருகிறேன். நிறுவன நிதி, கணக்குப்பதிவியல், நிறுவன நடத்தை, வணிகச் சட்டம் என்று மொத்தப் பாடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவையே. இவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் நல்ல கணித அடித்தளம் உள்ளவர் இவற்றில் பெரும்பகுதியை ஒரு விடுமுறைக் காலத்தில் படித்துவிடலாம். நிதிப் பாடம் மட்டும் படித்தவர் கணிதத்தை விடுமுறையில் பிடிக்கமுடியாது. இந்த ஒருவழிப் பாதையை உணர்ந்தவர் பாடத்திட்டத்தை வேறு மாதிரி அடுக்கியிருப்பார்.

ஒரே ஒரு விதிவிலக்கு, கடன்பத்திரங்களைப் பற்றிய பாடம். பல ஆண்டுகள் தொழிலில் இருந்துவிட்டு வந்த ஒருவர் நடத்தினார். அவர் முதல் வகுப்பில் கேட்ட கேள்வி: “பிப்ரவரி 28-க்கும் மார்ச் 1-க்கும் நடுவில் எத்தனை நாள் வட்டி?” சாதாரண ஆண்டில் ஒரு நாள்தானே என்றோம். மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்து எண்ணும் மரபொன்றில் அது மூன்று நாள் என்று காட்டினார். ஒப்பந்தத்தில் எந்த மரபு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எவ்வளவு நேர்த்தியாக விலை கணித்தாலும் கணக்கு உதைக்கும் என்பதை அந்த ஒரு கேள்வியிலேயே உணர்த்திவிட்டார். நான் இன்று செய்யும் வேலைக்கு மிக அருகில் வந்த பாடம் அதுதான். விருப்பப் பாடமாக இருந்ததால் பாதிப் பேர் எடுக்கவில்லை.

அப்படியானால் வேறு எதைப் படித்திருக்கலாம்? இந்தத் தொழிலில் பெயர்பெற்றவர்களின் இளநிலைப் படிப்பைப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். பிஷர் பிளாக் இயற்பியல் படித்தவர். ஜிம் சைமன்ஸ் கணிதம் படித்து, வடிவியலில் பெயர் பெற்ற பிறகே முதலீட்டுக்கு வந்தார்; அவருடைய ரெனசான்ஸ் நிறுவனம் 1993-இல் பீட்டர் பிரௌன், ராபர்ட் மெர்சர் இருவரையும் ஐ.பி.எம்.-இன் பேச்சறிதல் ஆய்வுக் குழுவிலிருந்து அழைத்துக்கொண்டது. தம் பெயரிலேயே முதலீட்டு நிறுவனம் தொடங்கிய டேவிட் ஷா கணினி அறிவியலில் முனைவர். ஒருவரும் நிதிப் படிப்பின் வழியே வரவில்லை என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் நியாயமாகப் பேசினால், இவர்கள் கல்லூரிக்குப் போன காலத்தில் நிதிக் கணிதம் என்ற பெயரில் இளநிலைப் பட்டமே கிடையாது. இல்லாத பட்டத்தை அவர்கள் எடுக்கவில்லை என்பதை அந்தப் பட்டத்துக்கு எதிரான சாட்சியாக வைக்கமுடியாது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: ஒவ்வொருவரும் ஏதோ ஒரு துறையில் அடிமட்டம் வரை போயிருந்தார்கள்.

என்னைக் கேட்டால், ஆய்வாளராக விரும்புபவருக்குக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த பட்டம் முதல் தேர்வு. நிரலில் மனம் செல்பவருக்குக் கணினி அறிவியலோடு கணிதத் துணைப்பாடம். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தரும் பி.ஸ்டாட். பட்டத்தில் நிகழ்தகவும் புள்ளியியலும் பருவம் பருவமாகத் தொடர்ந்து ஏறுவதைப் பாடத்திட்டத்தைப் பார்த்தாலே காணலாம். வார்விக் பல்கலைக்கழகத்தில் கணிதம், செயல்முறை ஆய்வு, புள்ளியியல், பொருளியல் நான்கையும் பிணைத்த பட்டம் ஒன்று உண்டு. அதில் பொருளியல் தன் இடத்தில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. பிரின்ஸ்டனில் செயல்முறை ஆய்வும் நிதிப் பொறியியலும் ஒரே துறை. கார்னகி மெல்லன் கணிப்பிய நிதிக்கென்றே இளநிலைப் பட்டம் தருகிறது, அங்கே கணிதத் துறை பக்கபலமாக நிற்கிறது. இந்தக் கடைசி இரண்டையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயரில் நிதி இருந்தாலே பாடம் நீர்த்துவிடும் என்பது என் வாதம் அல்ல. பாடத்தை யார் நடத்துகிறார், கணித மாணவரோடு சேர்த்தா தனியாகவா, எந்தப் பாடத்தின் மேல் எது நிற்கிறது என்பவைதான் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் உள்ளதுபோல் படிப்புக்கு நடுவில் பருவக்கணக்கில் வேலைக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால் அது தனிப் பலம். நேர்காணலில் அப்படி வந்தவர்களை முதல் ஐந்து நிமிடத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இயற்பியலையும் பொறியியலையும் ஒதுக்கவேண்டாம். தோராயமாகக் கணிக்கும் துணிவு அவற்றைப் படித்தவர்களுக்கு உண்டு. கணித மாணவர்களுக்கு அது மெல்லத்தான் வரும். பொருளியல் மட்டும் படித்துக் குவாண்ட் ஆவது கடினம். கூடவே மெய்ப்பகுப்பாய்வும் (நுண்கணிதத்தின் முடிவுகளை நிறுவிக் காட்டும் பாடம்) நிகழ்தகவும் எடுத்திருந்தால் அது வேறு கதை.

மெய்ப்பகுப்பாய்வு என்றதும் அந்த இடைப்பட்ட ஓராண்டு நினைவுக்கு வருகிறது. பட்டம் முடித்து முதுநிலைக்கு விண்ணப்பித்தபோது, இரண்டு துறைகள் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே பதிலைத் தந்தன: மெய்ப்பகுப்பாய்வு எங்கே, அளவைக் கோட்பாட்டின் அடிப்படையில் அமைந்த நிகழ்தகவு எங்கே? ஸ்டோகாஸ்டிக் கால்குலசில் முதல் வகுப்பு மதிப்பெண் வைத்திருக்கிறேனே என்றேன். அதற்கு முன் படிக்கவேண்டியதைப் படிக்காமல் அதில் எப்படி மதிப்பெண் வாங்கினீர்கள் என்று ஒருவர் உண்மையான வியப்போடு கேட்டார். விட்டுப்போன அந்த இரண்டு பாடங்களை, என்னைவிட மூன்று வயது இளைய கணித மாணவர்களோடு உட்கார்ந்து படித்தேன். அந்த ஓராண்டு இல்லாவிட்டால் இன்றைய வேலை எனக்கு இல்லை. ஆனால் நான்கு ஆண்டுக்குள் அடங்கியிருக்கவேண்டியது அது. கணக்குப்பதிவியலின் இரண்டாம் தாளை எடுத்துவிட்டிருந்தால் அடங்கியிருக்கும்.

இந்தப் பட்டம் யாருக்கும் பொருந்தாது என்று நினைத்துவிடவேண்டாம். வங்கியில் இடர் அறிக்கை தயாரிக்கும் பணி, முதலீட்டு நிறுவனத்தில் தொகுப்புகளை அலசும் பணி, நிதித் தரவு நிறுவனங்களில் பகுப்பாய்வுப் பணி ஆகியவற்றுக்கு இது போதுமானது. சொற்களெல்லாம் முன்னரே பழகியிருப்பதால் முதல் ஓராண்டு மற்றவர்களை முந்தியும் நடக்கலாம். என் வகுப்புத் தோழர்கள் பலர் அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். கையேடு அவர்களுக்காக எழுதப்பட்டிருந்தால் நான் 4 கொடுத்திருப்பேன். அது எனக்காக எழுதப்பட்டிருந்தது.

சேர நினைப்பவர் துறையினரிடம் கேட்கவேண்டியது மூன்றே. சென்ற ஆண்டு நிகழ்தகவுத் தேர்வின் வினாத்தாள் கிடைக்குமா என்று கேளுங்கள். அதில் ‘நிறுவுக’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது, ‘கணக்கிடுக’ எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் எந்தப் பருவத்தில் வருகிறது, அதற்கு முன்தேவைப் பாடங்கள் எவை என்று பாருங்கள். ‘நுண்கணிதம் மட்டும்’ என்று இருந்தால் மொட்டைமாடிதான். மூன்றாவது, விருப்பப் பாடங்களைக் கணிதத் துறையிலும் கணினித் துறையிலும் எடுக்க நேர அட்டவணை உண்மையிலேயே இடம் தருகிறதா என்று, அங்கே படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடமே விசாரியுங்கள். எங்கள் கையேட்டில் அப்படி எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. அட்டவணை விடவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். மேலே கொடுத்த 3 மதிப்பெண் நான் படித்த பாடத்திட்டத்துக்கு உரியது. அண்மையில் அதை மாற்றியிருக்கிறார்கள் என்று பழைய ஆசிரியர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். நிகழ்தகவு இரண்டு பருவமாகியிருக்கிறது. ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் இறுதியாண்டுக்குப் போயிருக்கிறது. கடன்பத்திரப் பாடம் கட்டாயமாகிவிட்டது. புதிய திட்டத்துக்கு மூன்றரை கொடுக்கலாம். சி பிளஸ் பிளஸ் வகுப்பு மட்டும் இன்னமும் கணக்குப்பதிவியல் நேரத்தில்தான் நடக்கிறது.